கல்யாணப் பந்தலில் கோ-கோ

ஓம்வீர் கோச் அந்த வரியை இந்தியில்தான் எழுதியிருந்தார், ஆங்கில எழுத்துகளில். கோ-கோ கிளப்பின் வாட்ஸாப் குழுவில் அதைப் பார்த்த மஹாலட்சுமிக்கு அதில் 'போட்டோ டே' என்ற இரண்டு சொற்கள் மட்டும் புரிந்தன. பிள்ளைகளைப் போட்டோ எடுக்கப் போகிறார்கள் போல, நல்லதுதானே என்று கட்டைவிரலை உயர்த்தும் படத்தை ஒரு தட்டு தட்டிவிட்டு, பொங்கி வந்த ரசத்தை இறக்கப் போய்விட்டாள்.

திரும்பி வந்து பார்த்தால் குழு முழுக்கக் கைதட்டல்களும் பூங்கொத்துகளுமாகக் குவிந்திருந்தன. எல்லாமே 'தேன்மொழி மம்மி'க்கு. அதாவது அவளுக்கு.

"என்னங்க, எல்லாரும் எதுக்கு எனக்குப் பூ போடுதாங்க?" என்று கணவனிடம் போனை நீட்டினாள்.

இளஞ்செழியன் படித்துவிட்டுச் சிரித்தான். "போட்டோ நாளுக்கான எல்லா ஏற்பாட்டையும் யார் எடுத்துச் செய்யுறீங்கன்னு கோச் கேட்டிருக்காரு. நீ சரின்னு சொல்லிட்ட."

"நானா?"

"வேணும்னா இப்பவே போன் பண்ணி, தெரியாமக் கை பட்டுருச்சுன்னு சொல்லிரவா?"

சொல்லுங்கள் என்றுதான் மஹாலட்சுமி வாயெடுத்தாள். அதற்குள் இன்னொரு பூங்கொத்து வந்து விழுந்தது. அவள் அதையே பார்த்தாள். கோவில்பட்டியில் அவள் நர்சரிப் பள்ளி ஆசிரியை. ஆண்டு விழா என்றால் மேடை கட்டுவதிலிருந்து, மயில் வேஷம் போட்ட குழந்தைக்கு மூக்குத் துடைப்பது வரை அவள் கைதான். இளஞ்செழியனுக்கு மாற்றல் வந்து தில்லி ஜனக்புரிக்குக் குடிவந்த இந்த ஏழெட்டு மாதத்தில், காய்கறி வண்டிக்காரரிடம் "கித்னா?" என்று விலை கேட்பதற்கு மேல் அவள் வாய் திறந்ததில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மகளை மைதானத்துக்குக் கூட்டிப்போய், கம்பிவேலிக்கு வெளியே நின்று, முடிந்ததும் கூட்டி வருவாள். அவ்வளவுதான்.

"வேண்டாம். நானே செய்யுதேன்" என்றாள். இந்தி தெரியாமல் எப்படிச் செய்வது என்று முதலில் பயந்தாள். ஆனால் அன்று இரவு படுக்கையில் புரண்டு புரண்டு யோசித்ததெல்லாம் எந்த நிறத்தில் ஜெர்ஸி எடுக்கலாம் என்பதைப் பற்றித்தான்.

மறுநாள் காலை அம்பிகாவைப் போய்ப் பார்த்தாள். கம்பிவேலிக்கு வெளியே நிற்கும் தாய்மார்களில் தமிழ் பேசுகிறவள் அம்பிகா ஒருத்திதான். அவளுடைய பெற்றோர் திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்தவர்கள்; அவள் பிறந்து வளர்ந்ததெல்லாம் தில்லி. மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கும் குடிசைப் பகுதியில் வீடு. இரண்டு மூன்று வீடுகளில் சமையல் வேலை. அவளுடைய மகள் ஷ்வேதாதான் கிளப்பிலேயே மிக வேகமாக ஓடுகிறவள். மஹாலட்சுமியும் அம்பிகாவும் ஒருவரையொருவர் அக்கா என்றுதான் கூப்பிட்டுக்கொண்டார்கள். யார் மூத்தவள் என்று இருவருமே கேட்டுக்கொண்டதில்லை.

விஷயத்தைக் கேட்டதும் அம்பிகா கைகொட்டிச் சிரித்தாள். "கட்ட வெரல் காட்டுனதுக்கு இந்த வேலயா? அரே, பயப்படாதக்கா, நான் கீறேன்ல. இந்தி பேசற எடத்துல என்னை நிக்க வச்சிடு. மத்தது நீ பாத்துக்க."

அடுத்த இரண்டு வாரமும் காற்றாய்ப் பறந்தது. இருவரும் மெட்ரோவில் கரோல் பாக் போய், சந்துக்குள் சந்தாகத் தேடி, ஜெர்ஸி அடிக்கும் கடையைக் கண்டுபிடித்தார்கள். மாம்பழ மஞ்சள், தோளில் நீலப் பட்டை, முதுகில் பெயர். தேன்மொழி என்ற பெயரைக் கேட்டுக் கடைக்காரர் பேனாவை வைத்துவிட்டார். அம்பிகா எழுத்தெழுத்தாகச் சொல்ல, அவர் ஒவ்வொன்றுக்கும் "அவுர்?" என்று கேட்டுக்கொண்டே போனார். "இன்னும் இருக்குது அண்ணே, எழுது" என்று அம்பிகா தமிழிலேயே அவரை விரட்டினாள்.

போட்டோகிராஃபரைப் பிடித்தது மஹாலட்சுமி. கோயில் அறிவிப்புப் பலகையில் ஒரு நம்பரைப் பார்த்து, தமிழர் என்பதற்காகவே போன் செய்தாள். பத்ரி என்று பெயர். தில்லித் தமிழர் வீடுகளில் பூணூல், சீமந்தம், சஷ்டியப்த பூர்த்தி என்று எது நடந்தாலும் கேமராவோடு நிற்பவர்.

"ஸ்போர்ட்ஸ் போட்டோ எடுத்திருக்கீங்களா சார்?"

"குழந்தேள் தானே மேடம்? எத்தனை ஆயுஷ்ஹோமம் பார்த்திருக்கேன் நான்!"

"ஒரு வயசுக் குழந்தை ஓடாதே சார்."

"வாஸ்தவம். ஆனா நீங்கோ கவலையே படாதீங்கோ. ஞாயித்துக்கிழமை காலம்பற எட்டரைக்கு அங்கே இருப்பேன். மத்தியானம் மந்திர் மார்க்ல ஒரு ஃபங்க்ஷன், அதுக்குள்ள முடிச்சுடலாம்" என்றார்.

பிப்ரவரி மாதம். பனிமூட்டம் விலகி, வெயில் உடம்புக்கு இதமாக இறங்கத் தொடங்கியிருந்த நாட்கள். அடுத்த வாரம் பள்ளிகளில் ஆண்டுப் பரீட்சை ஆரம்பம். அதன்பின் ஏப்ரல் வரை யாரும் மைதானத்துப் பக்கம் வரமாட்டார்கள். அதனால் அந்த ஞாயிற்றுக்கிழமையை விட்டால் வேறு நாள் இல்லை.

அன்று மஹாலட்சுமி அலாரத்துக்கு முன்பே எழுந்துவிட்டாள். தேன்மொழி முந்தின இரவே ஜெர்ஸியைப் போட்டுக்கொண்டு தூங்கியிருந்தாள். தலை வாரும்போது ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. "அம்மா, ஜல்தி! ஷ்வேதா தீதி நமக்கு முன்னாடியே வந்துடுவா!" என்று பாதி இந்தியில் அவசரப்படுத்திக் குதித்துக்கொண்டே இருந்தாள். சீப்பு, ஊக்கு, ரிப்பன், ஈரத்துணி, பிஸ்கட் பாக்கெட்டுகள் எல்லாவற்றையும் பெரிய பையில் அடைத்துக்கொண்டு, மகளின் கையைப் பிடித்தபடி மஹாலட்சுமி ஏறக்குறைய ஓடினாள்.

தெரு முனையில் திரும்பியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

மைதானத்தைக் காணவில்லை. அது இருந்த இடத்தில் ரோஜா நிறத்திலும் வெள்ளையிலும் மாபெரும் கல்யாணப் பந்தல் எழுந்து நின்றது. வாசலில் சாமந்திச் சரங்கள். உள்ளே பாதி மைதானத்துக்குப் பச்சைக் கம்பளம். பிள்ளைகள் மாதக்கணக்காகச் சுற்றிச் சுற்றி ஓடிய கோ-கோ கம்பங்களில் ஒன்றின்மேல் சீரியல் பல்பு வளைவைக் கட்டி வைத்திருந்தார்கள்.

வேலியோரம் மஞ்சள் ஜெர்ஸிகள் குவிந்து நின்றன. முப்பது பிள்ளைகள். எண்ணெய் தடவிப் படிய வாரிய தலைகள், பவுடர் அப்பிய முகங்கள். ஓம்வீர் கோச் இடுப்பில் கை வைத்துப் பந்தலை முறைத்துக்கொண்டிருந்தார். ஹரியானாக்காரர், ஆறடி உயரம், ஒரு பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி ஆசிரியர். ஞாயிற்றுக்கிழமைகளில் இந்தப் பிள்ளைகளுக்குச் சும்மாவே சொல்லிக்கொடுக்கிறவர்.

"கல் ஷாம் தக் குச் நஹீ தா" என்றார் அவர். நேற்று சாயங்காலம் வரை இங்கே ஒன்றுமே இல்லை.

ராத்திரியோடு ராத்திரியாகக் கட்டியிருக்கிறார்கள். அன்று பெரிய முகூர்த்த நாள். தில்லி முழுக்கக் கல்யாணம். பக்கத்துப் பூங்காவிலும் பந்தல்தான் என்று ஒரு அப்பா ஸ்கூட்டரில் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னார். "பரீட்சைக்கு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று யாரோ இந்தியில் சொல்ல, இரண்டு மூன்று பேர் தலையாட்டினார்கள். ஒரு தாய் மகனுக்கு ஸ்வெட்டரை மாட்டிவிடத் தொடங்கினாள். அதைப் பார்த்ததும் ஒரு சின்னப் பையன் விசும்ப ஆரம்பித்தான். ஷ்வேதா அழவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு கம்பத்தில் கட்டியிருந்த பல்புகளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மஹாலட்சுமி பந்தல் வாசலைப் பார்த்தாள். அங்கே ஒரு டெம்போ நின்றது. அதில் வானத்தைத் தொடுவதுபோல் நாற்காலிகள். அவற்றை இறக்க இரண்டே இரண்டு ஆட்கள். பக்கத்தில் ஒரு பருத்த மனிதர் போனில் கத்திக்கொண்டிருந்தார். கத்துவதும், போனைக் கீழே இறக்கித் தலையில் அடித்துக்கொள்வதும், மறுபடி கத்துவதுமாக இருந்தார்.

"அவரு என்னக்கா கத்துதாரு?"

அம்பிகா காதைத் தீட்டினாள். "அவருதான் பந்தல் போடற டெண்ட்டுக்காரரு, குல்ஷன்னு பேரு. ஆளுங்க வரலையாம். கூலி ஜாஸ்தின்னு வேற கல்யாணத்துக்கு ஓடிட்டானுங்களாம். பொண்ணு வூட்டுக்காரங்க வந்து பாக்கறதுக்குள்ள நாற்காலியெல்லாம் போட்டு, துணி மாட்டி, ரிப்பன் கட்டியாவணுமாம். பாவம், அழுதுடுவாரு போல."

மஹாலட்சுமி முப்பது பிள்ளைகளைப் பார்த்தாள். அவர்களுக்குப் பின்னால் நின்ற அம்மா அப்பாக்களைப் பார்த்தாள். நாற்காலிகளைப் பார்த்தாள். ஆண்டு விழா மேடையில் திரை கிழிந்தபோதும், மைக் செட் எரிந்தபோதும் அவள் இப்படித்தான் கையில் இருக்கிற ஆட்களை எண்ணிப் பார்த்திருக்கிறாள்.

"இருக்கா, நான் போய்ச் சொல்..." என்று அம்பிகா முடிப்பதற்குள் மஹாலட்சுமி அங்கே இல்லை.

"பையா! ஓ பையா!" என்று அந்தப் பருத்த மனிதரை அண்ணன் முறை வைத்துக் கூப்பிட்டாள்.

குல்ஷன் திரும்பினார்.

"ஆப்கா குர்சி, ஹம் கரேகா!" மஹாலட்சுமி இரண்டு கையாலும் ஒரு நாற்காலியைத் தூக்கி வைப்பதுபோல் காட்டினாள். "சப் பச்சா, சப் மம்மி, சப் பாப்பா! குர்சி, கப்டா, ரிப்பன், சப் கரேகா! ஆப் ஹம்கோ கிரவுண்ட் தோ. தோடா கிரவுண்ட், தோடா டைம். போட்டோ!" என்று கண்ணருகே விரலை வைத்து 'கிளிக்' என்றாள்.

டெண்ட்டுக்காரர் வாயைப் பிளந்தார். "க்யா போல் ரஹீ ஹை மேடம்ஜி?"

அவள் என்ன சொல்கிறாள் என்பது குல்ஷனுக்குப் பிடிபடவில்லை; ஓம்வீர் கோச்சுக்குப் புரிந்துவிட்டது. இரண்டு எட்டில் வந்து பக்கத்தில் நின்று, அவளுடைய இந்தியை நல்ல இந்தியில் மொழிபெயர்த்தார்: நாற்காலி, துணி, ரிப்பன் எல்லாவற்றையும் நாங்கள் செய்துதருகிறோம்; பதிலுக்குப் போட்டோ எடுக்கக் கொஞ்சம் இடமும் நேரமும் கொடுங்கள். குல்ஷன் டெம்போவைப் பார்த்தார், வேலியோர மஞ்சள் கூட்டத்தைப் பார்த்தார், போனைப் பார்த்தார். பிறகு சட்டைப் பையில் போனைப் போட்டார்.

"கார்ப்பெட் பர் ஜூத்தே நஹீ" என்றார். கம்பளத்தின்மேல் செருப்பு, ஷூ கூடாது. வேறு ஒரு நிபந்தனையும் இல்லை.

மஹாலட்சுமி திரும்பி, இரண்டு கைகளையும் தலைக்குமேல் தூக்கி, கோவில்பட்டிப் பள்ளி மைதானத்தில் கத்துவதுபோல் கத்தினாள்: "பச்சா லோக்! ஜூத்தா கோலோ!"

இலக்கணம் என்ன ஆனதோ, ஷூவைக் கழற்றச் சொல்கிறாள் என்பது எல்லோருக்கும் புரிந்தது. பிள்ளைகள் ஊளையிட்டுக்கொண்டு பந்தலுக்குள் பாய்ந்தார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததை அந்தப் பெற்றோர்கள் பல நாள் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். அப்பாக்கள் டெம்போவில் ஏறி நாற்காலிகளை இறக்கினார்கள். கோட்டுப் போட்டுக்கொண்டு வந்திருந்த அமைச்சக அதிகாரி ஒருவர் கோட்டைக் கழற்றி ஷாமியானாக் கம்பத்தில் மாட்டிவிட்டு முதல் ஆளாகத் தூக்கினார். அம்மாக்கள் வரிசை பார்த்து வைத்தார்கள். நாற்காலிகளுக்கு வெள்ளைத் துணி மாட்டுவதும் அவற்றின் முதுகில் தங்க நிற ரிப்பன் கட்டுவதும் பிள்ளைகளின் வேலை. ஓம்வீர் கோச் அவர்களை இரண்டு அணியாகப் பிரித்துவிட்டார். மாப்பிள்ளை வீட்டுப் பக்கத்து நாற்காலிகள் ஷ்வேதா அணிக்கு. பெண் வீட்டுப் பக்கம் இன்னொரு அணிக்கு. விசில் ஊதினார்.

அவ்வளவுதான், போட்டி தொடங்கிவிட்டது. ஒருத்தி துணியை மாட்டிவிட்டு "கோ!" என்று அடுத்தவளின் முதுகைத் தட்டுவாள். அவள் ஓடிப்போய் ரிப்பனைச் சுற்றிவிட்டு "கோ!" என்று இன்னொருவனைத் தட்டுவாள். பந்தல் முழுக்க "கோ! கோ! கோ!" என்று அதிர்ந்தது. சமையல் கொட்டகையிலிருந்து ஆட்கள் கரண்டியோடு வெளியே வந்து வேடிக்கை பார்த்தார்கள். அம்பிகா நாற்காலி வரிசைகளுக்கு நடுவே நடந்து, "ஏய், இது இன்னா முடிச்சு? பூனைய கட்டறதா? அவுத்துக் கட்டு" என்று தமிழிலும் இந்தியிலும் அதட்டினாள்.

இந்த அமளியின் நடுவே, தோளில் இரண்டு பைகளும் கையில் கேமரா முக்காலியுமாகப் பத்ரி வந்து நின்றார். பட்டு ஜிப்பா, நெற்றியில் சந்தனம். சாமந்தி வளைவைப் பார்த்தார், மேடையில் இருந்த சிவப்பு சோபாவைப் பார்த்தார், மஞ்சள் ஜெர்ஸிகளைப் பார்த்தார்.

"மேடம், நான் சரியான எடத்துக்குத்தான் வந்திருக்கேனா? நீங்கோ ஸ்போர்ட்ஸ்னு சொன்னேளே?"

"ஸ்போர்ட்ஸ்தான் சார்! எடுங்க, இதையும் எடுங்க!"

அவர் ஒன்றும் புரியாமலேயே எடுக்க ஆரம்பித்தார். கல்யாணப் பந்தலுக்குள் வந்துவிட்டால் அவர் கை தானாக வேலை செய்யும் போலிருக்கிறது. ரோஜா நிறத் துணி வழியாக வடிகட்டி வந்த காலை வெயிலைக் கையில் ஏந்திப் பார்த்துவிட்டு, "ஆஹா, என்ன வெளிச்சம்! என்ன வெளிச்சம்!" என்று தனக்குள் சொல்லிக்கொண்டே குனிந்தும் நிமிர்ந்தும் படங்களைத் தட்டினார்.

கடைசி நாற்காலிக்குத் துணி மாட்டியபோது எந்த அணி ஜெயித்தது என்று யாருக்கும் தெரியவில்லை. இரண்டு அணியும் ஜெயித்ததாகக் கத்தியது. குல்ஷன் வரிசைகளை ஒரு பார்வை பார்த்தார். பிறகு யாரும் சொல்லாமலே அவரே ஏணியில் ஏறி, கோ-கோ கம்பத்திலிருந்த பல்பு வளைவை அவிழ்த்தார். கம்பளத்தின் வாசல் பக்கத்தை அவருடைய ஆட்கள் சுருட்டி எடுக்க, கீழிருந்து பழைய மண் தரை வெளியே வந்தது. பிள்ளைகள் அதன்மேல் பாய்ந்து உட்கார்ந்தார்கள்.

இப்போது புதிய தகராறு.

"பெரியவா பின்னாடி, சின்னவா முன்னாடி. எல்லாரும் கேமராவைப் பார்க்கணும்" என்றார் பத்ரி.

ஓம்வீர் கோச் ஒத்துக்கொள்ளவில்லை. கோ-கோ ஆட்டக்காரர்கள் கோ-கோ ஆடுகிறபடிதான் உட்கார வேண்டும். ஒருவர் இந்தப் பக்கம் பார்த்து, அடுத்தவர் அந்தப் பக்கம் பார்த்து, ஒரே நேர்க்கோட்டில். இது வகுப்புப் போட்டோ அல்ல என்றார் இந்தியில்.

"அப்போ பாதிக் குழந்தேளோட முதுகுதான் தெரியும். அவா அப்பா அம்மா என்னைச் சும்மா விடுவாளா?" பத்ரி மஹாலட்சுமியிடம் முறையிட்டார். பிறகு கோச்சிடம் திரும்பி அதையே சரளமான இந்தியில் சொன்னார். கோச் குரலை உயர்த்தினார். பத்ரியும் உயர்த்தினார்.

மஹாலட்சுமி இருவருக்கும் நடுவே போய் நின்றாள். "தோ போட்டோ!" என்று கோச்சிடம் இரண்டு விரலைக் காட்டினாள். பத்ரியிடம் திரும்பி, "சார், கோச் சொன்னபடியே உக்காரட்டும். நீங்க அந்த ஏணியில ஏறி ஒண்ணு எடுங்க. விசில் ஊதுனதும் பிள்ளைக எந்திரிச்சு, அப்படியே மறுபக்கம் திரும்பி உக்காரும். அப்ப இன்னொண்ணு எடுங்க. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பிரிண்ட் போட்டா ஒரு முகமும் விட்டுப் போகாது. முதுகுல இருக்க பேரும் தெரியும்" என்றாள்.

பத்ரி ஒரு கணம் யோசித்தார். "இது நல்லா இருக்கே!" என்று ஜிப்பாவை மடித்துக் கட்டிக்கொண்டு ஏணியில் ஏறினார். குல்ஷனும் ஒரு அப்பாவும் ஏணியைப் பிடித்துக்கொண்டார்கள்.

முதல் கிளிக். விசில். முப்பது மஞ்சள் உருவங்களும் ஒரே நேரத்தில் எழுந்து, சுழன்று, உட்கார்ந்தன. மண் புகைபோல எழும்பி வெயிலில் பொன்னாக நின்றது. இரண்டாவது கிளிக். வேலியோரத்திலிருந்து கைதட்டல் வெடித்தது.

"இன்னும் ஒண்ணு! ஷ்வேதா தீதியோட டைவ்!" என்று தேன்மொழி கத்தினாள். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

டைவ் என்றால், துரத்துகிறவர் கம்பத்தை ஒரு கையால் பிடித்தபடி உடம்பைக் கிடையாக வீசிப் பாய்ந்து, தப்பி ஓடுகிறவரை மறு கையால் தொடுவது. கிளப்பில் அதைச் சுத்தமாகச் செய்யத் தெரிந்தவள் ஷ்வேதா மட்டும்தான். தப்பி ஓடுகிற வேலையைத் தேன்மொழி கேட்டு வாங்கிக்கொண்டாள்.

பத்ரி கம்பத்துக்கு எதிரே மண்டியிட்டார். தேன்மொழி ஓடினாள், ஷ்வேதா பாய்ந்தாள். படத்தில் வெறும் மண்புழுதி. இரண்டாவது முறை ஒரு கால் மட்டும் விழுந்தது.

"கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள போயிடறதே, நான் என்ன பண்ணுவேன்?" என்று பத்ரி நெற்றியைத் துடைத்தார். சந்தனம் கலைந்துபோயிற்று.

மஹாலட்சுமி அவர் பக்கத்தில் போய்க் குந்தினாள். இத்தனை மாதமாக வேலிக்கு வெளியே பேச ஆளில்லாமல் நின்று அவள் பார்த்ததெல்லாம் இந்தப் பிள்ளைகளின் ஆட்டத்தைத்தான். ஷ்வேதா பாய்வதற்கு முன்பு அவளுடைய இடது தோள் கொஞ்சம் தாழும். தாழ்ந்த மறுகணம் ஆள் காற்றில் இருப்பாள்.

"சார், நீங்க அந்தப் பிள்ளையப் பாக்காதீங்க. கம்பத்தப் பாத்து வச்சுக்கோங்க. நான் 'இப்போ'ன்னு சொன்னதும் அமுக்குங்க."

தேன்மொழி மூன்றாவது முறையாக ஓடினாள். ஷ்வேதா வரிசையைச் சுற்றி வந்தாள். கம்பத்தை நெருங்கினாள். தோள் தாழ்ந்தது.

"இப்போ!"

பத்ரி அமுக்கினார். கேமராவின் சின்னத் திரையைப் பார்த்தார். "ஈஸ்வரா!" என்றார் மெதுவாக.

எல்லோரும் அவர்மேல் விழுந்தார்கள். படத்தில் ஷ்வேதா தரையைவிட்டு முழுதாக எழும்பி, ஒரு கை கம்பத்தில், மறு கை அம்புபோல நீண்டு, விரல் நுனி தேன்மொழியின் முதுகிலிருந்த பெயரின் கடைசி எழுத்தைத் தொட்டிருந்தது. அவுட் ஆன தேன்மொழியோ வாயெல்லாம் பல்லாகச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அம்பிகா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். கேமராவை இரண்டு கையாலும் பிடித்துத் திரையைப் பார்த்தாள். பிறகு சமையல்காரர்களைப் பார்த்து, குல்ஷனைப் பார்த்து, யாரென்றே தெரியாத பூக்காரர்களைப் பார்த்துக் கூவினாள்: "ஆவோ, தேக்கோ! எம் பொண்ணு பறக்கறா பாரு! மேரி பேட்டி, எம் பொண்ணு!"

அப்போதுதான் வாசலில் கார் ஹாரன் கேட்டது. குல்ஷன் முகம் வெளுத்தது. "துல்ஹன் ஆ கயீ!"

கல்யாணப் பெண்ணே வந்துவிட்டாள். கம்பளம் இன்னும் சுருண்டு கிடக்கிறது.

யாரும் யாருக்கும் சொல்லவில்லை. பிள்ளைகள் கம்பளச் சுருளின் பின்னால் வரிசையாகக் கை வைத்து, "கோ!" என்று ஒரே தள்ளாகத் தள்ளினார்கள். பச்சைக் கம்பளம் உருண்டு விரிந்து, சரியாகக் காரிலிருந்து இறங்கி உள்ளே வந்த பெண்ணின் காலடியில் போய் நின்றது.

சாதாரண சல்வார் கமீஸில் இருந்தாள். முழங்கை வரைக்கும் கருஞ்சிவப்பாக மருதாணி. மேடைப் பூக்களின் நிறத்தைச் சரிபார்க்க வந்தவள், மூச்சிரைக்க நிற்கும் முப்பது மஞ்சள் பிள்ளைகளைப் பார்த்துத் திகைத்தாள். "யே சப் கௌன் ஹைன்?" இவர்களெல்லாம் யார்?

குல்ஷன் ஏணிக்குப் பின்னால் ஒதுங்கினார். மஹாலட்சுமி முன்னால் வந்தாள்.

"கோ-கோ டீம்" என்றாள். "ஆஜ் ஹமாரா போட்டோ டே. ஆப்கா ஷாதி. யே குர்சி, யே ரிப்பன், சப் இன் பச்சா லோக் கியா. போத் முபாரக்!" இன்று எங்களுக்குப் போட்டோ நாள், உங்களுக்குக் கல்யாணம்; நாற்காலி, ரிப்பன் எல்லாம் இந்தப் பிள்ளைகள் செய்தது, வாழ்த்துகள் என்கிறாள்.

பெண் நாற்காலி வரிசைகளைப் பார்த்தாள். ரிப்பன்கள் சில வலதுபக்கம் சாய்ந்திருந்தன, சில இடதுபக்கம். ஒன்றில் பட்டாம்பூச்சிபோல இரட்டை முடிச்சு. முகம் மெல்ல மெல்ல மலர, கடைசியில் வாய்விட்டுச் சிரித்தாள். "மேரே சாத் பீ ஏக் போட்டோ!" என்று தன்னோடும் ஒரு படம் கேட்டுப் பிள்ளைகளின் நடுவே வந்து நின்றுகொண்டாள்.

இது பத்ரிக்குப் பழகிய வேலை. அவர் குரலே மாறிவிட்டது. பெண்ணை நடுவில் நிறுத்தினார், சின்னவர்களைக் கீழே உட்கார்த்தினார், மருதாணி தெரிகிற மாதிரி கைகளை உயர்த்தச் சொன்னார். அவள் உயர்த்தியதும் பிள்ளைகளும் மண் அப்பிய தங்கள் கைகளை உயர்த்தினார்கள். மஹாலட்சுமி கையில் சீப்புடன் ஒரு பையனின் தலையைச் சரிசெய்துவிட்டு, பின்வாங்கப் பார்த்தாள். அம்பிகா அவளுடைய முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

"எங்கக்கா ஓடற? வா உள்ள."

"நான் எதுக்குக்கா? பிள்ளைக போட்டோல..."

"மேடம், நகராதீங்கோ!" என்று பத்ரி கத்தினார். கிளிக்.

அந்தப் படத்தில் மஹாலட்சுமி கையில் சீப்போடு, பாதி திரும்பிய முகத்தோடு, யாருக்கோ பதில் சொல்கிற வாயோடு இருக்கிறாள்.

கல்யாணப் பெண் மேடையைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, குல்ஷனிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டு, கிளம்பும்போது திரும்பி நின்று ஏதோ சொன்னாள். பிள்ளைகள் பந்தல் கிழிகிற மாதிரிக் கத்தினார்கள். மஹாலட்சுமி அம்பிகாவைப் பார்த்தாள்.

"என்னக்கா சொன்னா? வேகமாப் பேசிட்டா, பிடிபடல."

"சாயங்காலம் எல்லாரும் கல்யாணத்துக்கு வரணுமாம். இதே ஜெர்ஸிலயே வரணுமாம். டான்ஸ் ஆடியே ஆகணுமாம்."

"நெசமாவா?"

"நெசமாத்தான். பசங்களுக்கு ஜெர்ஸி கீது." அம்பிகா கண்ணைச் சுருக்கி அவளைப் பார்த்தாள். "நீ இன்னா பொடவ கட்டப் போறக்கா?"

"மயில் கழுத்துக் கலர்ல ஒரு பட்டு இருக்கு. ஊர்ல இருந்து வந்ததுல இருந்து பெட்டியத் தொறக்கவே இல்ல. உங்களுக்கும் ஒண்ணு எடுத்து வைக்கேன், வாங்க, வீட்டுக்கு வாங்க."

"எனக்கு செவப்புக் கலரு இருந்தா எடு" என்றாள் அம்பிகா. இருவரும் பையை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு, ஷூக்களைத் தேடி அலையும் பிள்ளைகளைக் கூப்பிட்டபடி வாசலை நோக்கி நடந்தார்கள்.